பிள்ளைகளின் மூளைக்கு ஓய்வு வழங்குவது யார் பொறுப்பு?

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் வேளையில் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் ஓர் அறிவித்தலை விடுப்பது வழமை. பரீட்சைக்குச் சில தினங்கள் இருக்கையில், குறித்த நள்ளிரவு தொடக்கம் பரீட்சை நிறைவடையும் வரை தனியார் வகுப்புகள், கருத்தரங்குகள், மாதிரி வினாத்தாள் விநியோகம் ஆகிய யாவும் தடை செய்யப்படுகின்றன. மீறுவோர் குறித்துப் பொலிஸாருக்கு அறிவிக்குமாறு பொதுமக்களும் கோரப்படுகின்றனர். வினாக்கள் முன்கூட்டியே கசிவதையும் அதன் பெயரால் நடைபெறும் வியாபாரத்தையும் தடுப்பதே இதன் நோக்கம். 2024 ஆம் ஆண்டுப் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்னதாகவே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் இவ்வறிவித்தலுக்கு அதனை விடுப்போரே எண்ணியிராத ஒரு பயனும் உண்டு. பத்து வயதுப் பிள்ளையொன்று சட்டத்தின் துணையுடன் சும்மா இருக்கக்கூடிய நாட்கள் இந்நாட்டில் இவை மாத்திரமே. அந்த நாட்களிலும் பிள்ளை சும்மா இருப்பதில்லை என்பது வேறு விடயம். வீட்டில் மாதிரி வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றையும் முடித்துவிட்டால் தாயின் கைத்தொலைபேசி இருக்கிறது.

மாத்தளை மாவட்டத்துப் பிள்ளை ஒன்றின் ஒரு நாளை எடுத்து நோக்குவோம். எல்கடுவ, இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை விடியுமுன்னரே எழுகிறது. பஸ்ஸில் ஏறியதும் சாரதியின் தலைக்கு மேலே உள்ள ஒலிபெருக்கி தன் பாட்டைத் தொடங்கிவிடும். பாடசாலை பிற்பகல் 1.30 மணிக்கு விடும். அத்துடன் நாள் முடிவதில்லை. நகரில் ஒரு வகுப்பு, அது முடிந்ததும் இன்னொரு வகுப்பு. நகரிலும் உக்குவளையிலும் உள்ள முஸ்லிம் பிள்ளைகளுக்கு மாலையில் குர்ஆன் மத்ரசாவும் உண்டு. வீடு திரும்பினால் தொலைக்காட்சி நாடகம், வீட்டு வேலைப் பாடம், அதன் பின்னர் படுக்கையில் தொலைபேசித் திரை. ஞாயிற்றுக்கிழமை வாரத்தின் நெருக்கடி மிகுந்த வகுப்பு நாளாகிவிட்டது. அறநெறிப் பாடசாலை ஆசிரியர்கள் பிள்ளைகள் வருவதில்லை என்று குறைபடுவதும் இதனாலேயே.

இந்தக் கால அட்டவணையில் பயனற்றது என்று எதனையும் நாம் குறிப்பிடவில்லை. பெற்றோரின் கவலையை எள்ளி நகையாடவும் முடியாது. தோட்டத்துப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் என்பது நகரத்துப் பாடசாலை ஒன்றின் வாயிலைத் திறக்கும் அரிய சாவி. ஆனால் காலை எழுந்தது முதல் இரவு உறங்கும் வரை கால் மணி நேரம் கூட வெறுமையாக இல்லாத ஒரு நாளில், அப்பிள்ளை கற்றவை அனைத்தும் எங்கே போய்ச் சேர்கின்றன என்ற கேள்வியை நாம் கேட்டதுண்டா?

மூளை உடல் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 வீதம். உடல் செலவிடும் சக்தியிலோ ஏறத்தாழ 20 வீதம் அதற்கே செல்கிறது. கணக்கொன்றைச் செய்து கொண்டிருக்கும்போதும், கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும்போதும் இந்தச் செலவில் பெரிய வேறுபாடு இல்லை என்பதுதான் வியப்பு. சும்மா இருக்கையில் மூளையின் சில பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு இயங்குகின்றன. வெளியிலிருந்து ஒரு வேலை வந்ததும் அவை அடங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் மார்கஸ் ரைக்கிளும் அவரது சகாக்களும் 2001 இல் இதனை விளக்கி எழுதிய பின்னர், ஓய்வு வேளையில் மூளை செய்யும் வேலை என்பது தனியொரு ஆய்வுத் துறையாகவே வளர்ந்துள்ளது. கடந்ததை மீட்டிப் பார்த்தல், வரப்போவதை எண்ணிப் பார்த்தல், பிறர் மனத்தை ஊகித்தல் என்பன இப்பகுதிகளின் பணிகளுள் அடங்குகின்றன.

ஞாபகத்தைப் பொறுத்தவரை சான்று இன்னும் பழையது. ஜேர்மனியில் முல்லர், பில்செக்கர் என்ற இரு உளவியலாளர்கள் 1900 ஆம் ஆண்டிலேயே ஒரு முடிவுக்கு வந்தனர். ஒன்றைக் கற்றவுடன் வேறொன்றைக் கற்கப் புகுந்தால் முதலாவது நன்கு பதிவதில்லை. பதிவதற்குச் சற்று நேரம் வேண்டும் என்பதே அது. 2012 இல் எடின்பரோவில் மிக்கேலா டியூவரும் சகாக்களும் முதியவர்களை வைத்து இதனை மீண்டும் சோதித்தனர். அவர்களுக்கு இரு சிறுகதைகள் வாசித்துக் காட்டப்பட்டன. ஒரு கதையின் பின் 10 நிமிடம் இருண்ட அறையில் கண்மூடி இருந்தனர். மற்றைய கதையின் பின் படங்களில் வேறுபாடு கண்டுபிடிக்கும் விளையாட்டில் ஈடுபட்டனர். ஏழு நாட்கள் கழித்தும் ஓய்வின் முன் கேட்ட கதையே அவர்கள் நினைவில் அதிகம் தங்கியிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் எதனையும் கற்கவில்லை, மீளப் படிக்கவும் இல்லை. ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு ஓடும் பிள்ளை இழப்பது இந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

உறக்கம் பற்றிச் சொல்ல வேண்டியது பலருக்கும் தெரிந்ததே. 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியாலங்களும், 13 முதல் 18 வயது வரையானோருக்கு 8 முதல் 10 மணித்தியாலங்களும் உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. எமது உயர்தர வகுப்பு மாணவரிடம் 9 மணி நேரம் உறங்குமாறு கூறினால் அவர் சிரிப்பார். அவரது தாயார் கோபிப்பார். உறக்கத்தின்போது மூளையில் சேர்ந்த கழிவுகள் கழுவப்படுகின்றன என்று 2013 இல் சுண்டெலிகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வொன்று பெரிதும் பேசப்பட்டது. 2024 இல் வேறொரு ஆய்வு அதற்கு முரணான முடிவைத் தந்திருப்பதால் அதனை நாம் இங்கு ஆதாரமாகக் கொள்ளவில்லை. உறக்கம் குறைந்தால் கவனமும் ஞாபகமும் குறையும் என்பதில் மாத்திரம் எவருக்கும் ஐயமில்லை.

மாத்தளை மண்ணுக்கு இவ்விடயம் அந்நியமானதன்று. நகருக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள அளுவிகாரையின் பாறைக் குகைகளில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், பாளி மொழித் திரிபிடகம் முதன் முதலாக ஏட்டில் எழுதப்பட்டதாக வரலாறு கூறுகிறது. அதுவரை அத்தனை நூல்களும் துறவிகளின் நினைவிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. பஞ்சமும் போரும் அந்த மனிதர்களையே அழித்துவிடும் என்ற அச்சம்தான் அவற்றை ஏட்டில் ஏற்ற வைத்தது. அவ்வளவையும் மனத்தில் சுமந்தவர்களின் நாள் எவ்வாறு அமைந்திருந்தது என எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. அல்குர்ஆனை முழுமையாக மனனமிடும் மத்ரசாக்களிலும் புதிய பாடம் அதிகாலையின் அமைதியில் கொடுக்கப்படுகிறது; பழைய பாடம் வேறொரு வேளையில் மீட்டப்படுகிறது; நண்பகலில் கைலூலா எனும் சிறுதுயில் உண்டு. மனனத்தைத் தொழிலாகக் கொண்டோர் இடைவெளியின் பெறுமதியை ஆய்வுகூடங்களுக்கு முன்னரே அறிந்திருந்தனர். வினாத்தாள்களை வேகமாகச் செய்து முடிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம்தான் அதனை மறந்தோம்.

கைத்தொலைபேசி பற்றிப் பேசாமல் இதனைக் கடக்க இயலாது. அதனைப் பிள்ளைகளின் கைகளில் கொடுத்தவர்கள் நாமே. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் வந்தன. மலையகத்தில் அலைவரிசை தேடிப் பிள்ளைகள் குன்றுகளில் ஏறியதைப் பத்திரிகைகள் படம்பிடித்துக் காட்டின. கடன்பட்டுத் தொலைபேசி வாங்கிய தோட்டத் தொழிலாளர்கள் அநேகர். பாடசாலைகள் மீளத் திறந்தன. தொலைபேசியோ வீட்டிலேயே தங்கிவிட்டது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இரவிரவாக மரக்கறி இறக்கும் தந்தைக்கும், கொழுந்து பறித்துக் களைத்து வரும் தாய்க்கும், பிள்ளையை ஓரிடத்தில் இருத்தி வைக்க அதுபோல் உதவுவது வேறில்லை. அவர்களைக் குறை கூறுவோர் அவர்களின் களைப்பையும் அறிந்து பேசுதல் நன்று.

எனினும் அப்பொருளின் இயல்பு பற்றித் தெளிவு வேண்டும். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. ஒரு காலத்தில் வானொலி இரவில் ஓய்ந்தது; தொலைக்காட்சியும் தேசிய கீதத்துடன் விடைபெற்றது. முடிவற்று உருண்டு கொண்டே வரும் திரையை 2006 இல் வடிவமைத்த அஸா ராஸ்கின் என்பவர், பிற்காலத்தில் அதற்காக வருந்தியதைப் பகிரங்கமாகவே கூறியிருக்கிறார். நிறுத்துவதற்குரிய இடம் எதுவும் அதில் இல்லை என்பதே அவரது வருத்தம். பெரியவர்களும் இதற்கு விலக்கன்று. 2014 இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் திமதி வில்சனும் சகாக்களும் ஒரு விசித்திரமான ஆய்வினை வெளியிட்டனர். வெறும் அறையொன்றில் 15 நிமிடம் தனியே எண்ணத்தோடு மாத்திரம் இருக்குமாறு பணிக்கப்பட்ட 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும், பொத்தானை அழுத்தித் தமக்குத் தாமே மின்னதிர்ச்சி கொடுத்துக் கொண்டனர். எதுவுமில்லாமல் இருப்பதைவிட வலி அவர்களுக்கு மேலாகத் தோன்றியுள்ளது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது மாத்தளை மாவட்டமும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் உயிர்களை இழந்தது. உறவினர் நிலை அறியத் தொலைபேசி அப்போது இன்றியமையாததாயிற்று. அதனை எவரும் மறுக்க முடியாது. ஆனால் செய்தி அறிந்த பின்னரும், அதே மண்சரிவை, அதே கதறலை, பிள்ளைகள் அருகிருக்கப் பத்துத் தடவை பார்த்த வீடுகள் எத்தனை? 2013 இல் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் பின்னர் அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு, நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலத்துக்கும் அதிகமாக அது பற்றிய செய்திகளைப் பார்த்தோரிடம், சம்பவ இடத்தில் இருந்தோரைவிட அதிகமான மன உளைச்சல் காணப்பட்டதாகத் தெரிவித்தது. மழை மேகம் திரண்டாலே பிள்ளை நடுங்குகிறது என்று கூறும் பெற்றோர், பிள்ளை கண்ட மண்சரிவுகளில் எத்தனை மலையில் நிகழ்ந்தவை, எத்தனை திரையில் நிகழ்ந்தவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, எமது வாசகர்களிற் சிலருக்குக் கசக்கக்கூடிய விடயத்துக்கு வருவோம். திரையை அணைத்து வைக்கலாம். பக்கத்து வளவில் இருந்து வரும் ஒலியை அணைப்பது எவ்வாறு?

2007 நவம்பர் 9 ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றை இங்கு நினைவூட்டுகிறோம். வெலிகமையில் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த அடிப்படை உரிமை வழக்கு அது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கலாகாது என்றும், ஏனைய நேரங்களிலும் ஒலி நிகழ்விடத்தின் எல்லையைத் தாண்டலாகாது என்றும் பணித்தது. விசேட சமய நிகழ்வுகளுக்கு நிபந்தனையுடன் இடமளிக்கப்பட்டது. வழக்கு பள்ளிவாசல் ஒன்றைப் பற்றியதாயினும் தீர்ப்பு விகாரை, கோவில், தேவாலயம், களியாட்ட விழா என எல்லாவற்றுக்கும் பொதுவானது. அதிகாலைத் தொழுகைக்கான அதான் பற்றி முஸ்லிம்களிடையே அன்று கவலை எழுந்தது இயல்பே. அதானோ ஒரு சில நிமிடங்களில் முடிந்துவிடுவது. மாசிமகத்தில் மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மனின் பஞ்சரத பவனியில் ஒலிக்கும் நாதஸ்வரமும் மேளமும் வீதியால் வந்து வீதியாலேயே சென்றுவிடும். இவற்றை இரைச்சல் என்று நாம் கூறவில்லை, கூறவும் மாட்டோம். கோவில் கூரையில் நாற்றிசையும் பார்த்துக் கட்டப்பட்ட ஒலிபெருக்கியில் திருவிழாக் காலம் முழுவதும் காலை முதல் இரவு வரை ஓடும் ஒலிநாடாப் பாடல்களும், பள்ளிவாசலுக்குள் இருபது பேர் அமர்ந்திருக்க ஊர் முழுவதும் கேட்கும் இரண்டு மணி நேர உரையும் வேறு வகையானவை. கேட்க வேண்டும் என்று எவரும் வந்திராத இடத்துக்கு அவை செல்கின்றன.

அவ்விடத்தில் ஒரு பிள்ளை படித்துக் கொண்டிருக்கிறது என்பதே எமது முறைப்பாடு. ஜேர்மனியின் மியூனிக் நகரில் 1992 இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறக்கப்பட்டபோது, இரு பகுதிப் பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து அவதானித்தனர். புதிய நிலையத்தின் அருகே வாழ்ந்த பிள்ளைகளின் நீண்டகால ஞாபகமும் வாசிப்பும் குன்றின. பழைய நிலையத்தின் அருகே இருந்தோரிடம் அவை மீண்டும் தேறின. ஒலி நின்றால் மூளை மீள்கிறது என்ற நல்ல செய்தியும் இதில் உண்டு. ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வகுத்த வழிகாட்டலில் இரவுநேர வெளி ஒலிக்குரிய அளவாக 40 டெசிபல் பரிந்துரைக்கப்பட்டது. அமைதியான நூலகத்தின் ஒலி அளவு ஏறத்தாழ அதுவே.

வசதி படைத்தோர் இவற்றிலிருந்து ஓரளவு தப்பிக் கொள்கின்றனர். தனியறை, கண்ணாடி யன்னல், தோட்டத்துடன் கூடிய வீடு என்பன அவர்களுக்கு அமைதியை விலை கொடுத்து வாங்கித் தருகின்றன. ஒற்றையறை லயனில் பாட்டனும் பாட்டியும் தம்பி தங்கையரும் ஒருங்கே வாழ, மெல்லிய சுவருக்கு அப்பால் அயல் வீட்டுத் தொலைக்காட்சி ஒலிக்க, அங்கே படிக்கும் பிள்ளையிடம் மனத்தை ஒருமுகப்படுத்து, தொலைபேசியைத் தூர வை என்று அறிவுரை கூறுவது எளிது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது லயன் வரிசைகள் அடங்கிக் கிடந்தன. மக்கள் வாசலில் அமர்ந்து பேசினர். அந்த நாட்களை எவரும் விரும்பி அழைக்கப் போவதில்லை. பசியும் மண்ணெண்ணெய் வரிசையும் அவற்றுடனேயே வந்தன. ஆனால் அமைதி என்பது பலர் ஒரே நேரத்தில் நிறுத்தினால் மாத்திரமே கிடைக்கும் பொருள் என்பதை அவை காட்டிச் சென்றன.

அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடை செய்துள்ளது. அத்தடை எவ்வளவு தூரம் பயன் தரும் என்பது இனித்தான் தெரியவரும். எமது நாட்டிலோ அதற்கு முன்னர் செய்யக்கூடிய எளிய காரியங்கள் கிடக்கின்றன. நேரத்தை அரசு ஒழுங்கு செய்ய முடியாது என்று வாதிடுவோர், 1966 முதல் 1971 வரை இதே நாட்டில் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு நான்கு போயா தினங்களை ஒட்டி வாரமே மாற்றி அமைக்கப்பட்டிருந்ததை நினைத்துப் பார்க்கலாம். அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஒரு சமுதாயம் விரும்பினால் வாரத்தையே திருத்தி எழுதலாம் என்பதற்கு அது சான்று. ஞாயிறு முற்பகலில் தரம் ஐந்துக்கு வகுப்பு இல்லை என்று மாத்தளை நகரின் தனியார் வகுப்பு ஆசிரியர்கள் தமக்குள் உடன்படுவது அதைவிடச் சிறிய காரியம். மாநகர சபையும் பிரதேச சபைகளும் தமது வாசிகசாலைகளில் ஒரு மண்டபத்தை மாலை 6 மணிக்குப் பின்னரும் பிள்ளைகளுக்காகத் திறந்து வைக்கலாம். தோட்டங்களில் பூட்டிக் கிடக்கும் சமூக மண்டபங்களின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதைத் தொழிற்சங்கங்கள் விசாரிக்கலாம்.

பாடத்தின் இறுதியில் ஐந்து நிமிடம் பிள்ளைகளைப் புத்தகத்தை மூடி அமர வைக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டால், பாடவிதானத்தை முடிக்க நேரமில்லை என்பர். முடித்த பாடத்தில் எவ்வளவு எஞ்சுகிறது என்பதை அடுத்த வாரம் அவர்களே சோதித்துப் பார்க்கட்டும்.

கோவில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் திருவிழாவுக்கோ றமழானுக்கோ முன்னர் கூடுவது வழமை. அக்கூட்டத்தில் ஒலிபெருக்கி வாடகை பற்றிய விடயம் எப்படியும் நிகழ்ச்சி நிரலில் இருக்கும். எத்தனை பெட்டிகள், எந்தத் திசை, எத்தனை மணி வரை என்பதை அதே வேளையில் தீர்மானித்து, தீர்மானத்தின் பிரதியொன்றை அயலில் உள்ள மற்றைய மதத்தலத்துக்கும் அனுப்பி வைக்கலாம். பெட்டிகளைக் குறைத்தால் வாடகையும் குறையும்.